அரை சென்டிமீட்டர் வழியாக மூச்சு: கோவில்பட்டி, மதுரை, பத்து வாரம்

மார்ச் கடைசியில் மூன்று வார விடுமுறை போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு அப்பாவோடு இருந்து பல வருடம் ஆகிவிட்டது. கொழும்பு வழியாக மதுரையில் இறங்கி, அங்கிருந்து காரில் கோவில்பட்டி. வீட்டு வாசலில் பெட்டியை வைக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ ஊதல் ஊதுவதுபோல, நீளமாக, ஒரே சுதியில். அப்பா மூச்சு இழுக்கிற சத்தம்.

அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருடத்துக்கு மேலாகத் தையல்காரர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. இரண்டு வருடமாக 'வீசிங்' என்று மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வீடியோ காலில் பேசும்போது லேசாக இரைக்கும். "பஞ்சுத் தூசி தாயி, வேறொண்ணுமில்ல" என்பார். டாக்டர்களும் தையல் தொழில் என்று கேட்டவுடனே அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். உறிஞ்சும் மருந்து ஒன்று, அது கேட்கவில்லை என்றதும் இன்னொன்று, நடுநடுவே ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை போட்ட வாரம் கொஞ்சம் நன்றாக இருக்கும், விட்டால் பழையபடி. எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றே வந்திருக்கிறது.

முதல் நாள் இரவு தூக்கம் கலைந்து எழுந்து பார்த்தேன். அப்பா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, தையல் மெஷினின் மேல்பலகையில் தலையணை போட்டு அதில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி மனைவியிடம் கேட்டேன். "மாமா ஏழு மாசமா அப்படித்தான் மதினி தூங்குறாங்க. படுத்தா அடைக்குதாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள்.

மறுநாள் காலை ஊரிலேயே வழக்கமாகப் பார்க்கும் இடத்துக்குப் போனோம். டோக்கன் 47. உள்ளே போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். உறிஞ்சும் மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஊதிப் பார்க்கும் சோதனை எடுத்திருக்கிறதா என்று கேட்டேன், இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு ஆஸ்துமாவைப்போலவே இருக்கிற ஒன்றை ஆஸ்துமா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மருந்து கேட்காமல் இரண்டு வருடம் போனபோது யாராவது நின்று யோசித்திருக்க வேண்டும் என்கிற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை. தள்ளி இருந்துகொண்டு போனில் நலம் விசாரித்த என்மேலும் அதே வருத்தம் உண்டு.

அடுத்த நாள் மதுரை. நான்கு வழிச்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நுரையீரல் நிபுணரான ஒரு டாக்டர் அம்மாவிடம் முன்பதிவு செய்திருந்தேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் முதலில் முதுகில் வைக்கவில்லை. அப்பாவின் கழுத்தில், தொண்டைக்குழிக்கு மேலே வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அய்யா, மூச்சை வேகமா உள்ளே இழுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆஸ்துமா இரைப்பு பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும், நெஞ்சு பூராவும் கேட்கும். இவருக்கு உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம். அதுவும் கழுத்துகிட்டதான் ஜாஸ்தி. இது சின்னக் குழாய்கள்ல இல்லைம்மா, பெரிய குழாய்ல ஏதோ இருக்கு."

ஊதும் சோதனை அங்கேயே எடுத்தார்கள். கணினித் திரையில் வந்த கோட்டை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். நல்ல நுரையீரலுக்கு அந்தக் கோடு மேலே கூராக எழும்பி, சரிந்து இறங்கி, கீழே ஒரு கிண்ணம்போல வளைந்து வரும். ஆஸ்துமாவில் இறங்கும் பக்கம் குழிவிழும். அப்பாவுக்கு மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்து வரைந்ததுபோல இருந்தது. எவ்வளவு முக்கினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் காற்று போகவும் முடியாது, வரவும் முடியாது என்று அந்தப் பெட்டிக்கு அர்த்தம். ஐந்து நிமிடச் சோதனை. இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்திருக்கலாம்.

அன்று மதியமே சி.டி. ஸ்கேன், மாலைக்குள் முடிவு. இந்த வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நான் இருக்கும் ரெடிங் நகரத்தில், புற்றுநோய் சந்தேகம் என்றால் அவசரம் என்று குறித்து அனுப்புவார்கள், அப்படியும் ஸ்கேனுக்குச் சில நாட்களாவது ஆகும். மதுரையில் காலையில் டாக்டரைப் பார்த்து, சாயங்காலம் படத்தைக் கையில் வைத்திருந்தேன். கையில் காசு இருந்ததால் கிடைத்த வேகம் அது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படத்தில் இருந்தது இதுதான். மூச்சுக்குழாய் கழுத்தில் தொடங்கி, நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் வரை 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு உள்விட்டம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். அப்பாவுக்கு அது பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே, சுவரிலிருந்து ஒரு கட்டி வளர்ந்து உள்ளே புடைத்திருந்தது. சுவருக்கு வெளியேயும் கொஞ்சம் பரவி அழுத்தியது. காற்று போக மீதியிருந்த வழி ஐந்து மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே குறுகினால் நடக்கும்போது மூச்சு வாங்கும், ஐந்தை நெருங்கினால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறும் என்று டாக்டர் அம்மா சொன்னார். வழி பாதியாகக் குறைந்தால் சிரமம் இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்குக்கும் மேலே போய்விடும். இதனால்தான் இத்தனை மாதம் ஓரளவு தாங்கியவர் கடைசி இரண்டு மாதத்தில் மடமடவென்று மோசமாகியிருக்கிறார். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த இடம் முதுகெலும்பு நிழலோடு சேர்ந்துவிடுவதால் பெரும்பாலும் கண்ணில் படாதாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கும் இஞ்சு டேப்பை எடுத்து, பின்பக்கம் திருப்பி, சென்டிமீட்டர் பக்கத்தில் பாதிக்கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். "இவ்வளவுதானா சார் மிச்சம்?" என்று பக்கத்தில் இருந்த உதவி டாக்டரிடம் காட்டிக் கேட்டார். அவர் தலையசைத்தார். அப்பா டேப்பைத் திரும்பச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கை முழுக்க அளவெடுத்தவருக்கு அந்த அளவு ஒன்றே போதுமாக இருந்தது. வேறு கேள்வி கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய் வேலை செய்கிற டாக்டர் அங்கே இருந்தார். நெஞ்சைத் திறக்காமல், வாய் வழியாக ஓர் எஃகுக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, அதன் வழியாகவே கட்டியை எடுப்பது அவருடைய வேலை. ரிஜிட் பிராங்காஸ்கோபி என்பார்கள். வளையும் குழாய் ஒன்றும் உண்டு. 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா கொண்டுவந்தது. பார்ப்பதற்கும் சின்னச் சதைத்துண்டு எடுப்பதற்கும் அது போதும். ஆனால் ஐந்து மில்லிமீட்டர் வழிக்குள் அதை விட்டால் இருக்கிற காற்றையும் அடைத்துவிடும். எஃகுக் குழாய் அப்படி இல்லை, நடுவில் ஓட்டை. அதன் வழியாக மூச்சும் கொடுக்கலாம், கருவியும் விடலாம், ரத்தம் கசிந்தால் குழாயின் பக்கவாட்டையே வைத்து அழுத்தவும் செய்யலாம். இது பழைய கருவிதான் என்றார் டாக்டர். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்பவர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை இப்படி வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்தாராம். அதிலிருந்து வளர்ந்த வித்தை.

நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அந்த டாக்டர் தமிழிலேயே பதில் சொன்னார். அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். இதை நான் மறக்கவே மாட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் குழாயை வரைந்து, கட்டியை நீலப்பேனாவால் நிரப்பிக் காட்டினார். முதலில் கம்பி வளையத்தைக் கட்டியின் கழுத்தில் மாட்டி மின்சாரத்தால் சுட்டு அறுப்பது. மிச்சத்தை எஃகுக் குழாயின் சாய்வான நுனியாலேயே குடைந்து எடுப்பது. ரத்தம் கசிகிற இடத்தை ஆர்கான் வாயு வழியாகச் சூடு கொடுத்துக் கருக்குவது. சில கட்டிகளை உறையவைத்து, கருவியின் நுனியில் ஒட்டவைத்துப் பிடுங்குவதும் உண்டாம். அப்பாவின் கட்டி வெளியிலிருந்தும் அழுத்துவதால், உள்ளே சுத்தம் செய்தாலும் சுவர் திரும்பச் சாயும், அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சிலிக்கான் குழாய், அதாவது ஸ்டென்ட், வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி ஸ்டென்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குழந்தைகள் பால்புட்டியின் ரப்பரைப்போல அரைத் தெளிவாக, ஆனால் அதைவிடக் கெட்டியாக இருந்தது. வெளிப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழ்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருப்பதற்காக. உள்பக்கம் வழவழப்பு. பிரான்சின் மார்செய் நகரத்து டாக்டர் டூமோன் 1990இல் உலகுக்குக் காட்டிய வடிவம் இது, இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். உலோக வலையால் ஆன வகையும் இருக்கிறது; வைப்பது சுலபம், ஆனால் நாளாக ஆகச் சதை பின்னிக்கொள்வதால் எடுப்பது கஷ்டம். "உங்க அப்பாவுக்குப் பின்னாடி ஒரு நாள் இதை எடுக்கிற வாய்ப்பு இருக்கு. அதனால சிலிக்கான்தான் போடுவேன்" என்றார். அப்பா அதை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார். விட்டதும் பழைய வட்டத்துக்கே வந்தது. "நல்ல டென்ஷன்" என்றார், எலாஸ்டிக் பட்டியைச் சொல்கிற மாதிரி.

அப்பாவுக்குத் தேவையான அளவு, 16 மில்லிமீட்டர் விட்டம், மதுரையில் கைவசம் இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும். இரவு ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டு, விடிகாலை தம்பி மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்கிவந்தான். ஒரு மனிதனின் மூச்சு ஷூ பெட்டி அளவு அட்டைப்பெட்டியில் பஸ்ஸின் டிக்கியில் வருகிறது என்பது எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது, சரியான அளவில், சீல் உடையாமல்.

பணம் கட்டுகிற இடத்தில்தான் பட்டோம். அட்மிஷனுக்கு முன்பணம் கேட்டார்கள். என் இங்கிலாந்து கார்டை மெஷின் மூன்று முறை நிராகரித்தது. தம்பியின் கணக்கில் அன்றாட வரம்பு முந்தின நாள் ஸ்கேனிலேயே கரைந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர், பணம் வந்தால்தான் தியேட்டர் நேரம் உறுதி என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அப்பா பக்கத்தில் ஊதல் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறார், நான் ஏ.டி.எம். தேடி ஓடுகிறேன். கடைசியில் என் பள்ளித் தோழியின் கணவர் தன் கணக்கிலிருந்து கட்டினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தயவுசெய்து இங்கே ஓர் என்.ஆர்.ஓ. கணக்கை, அதாவது வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய் வங்கிக் கணக்கை, உயிரோடு வைத்திருங்கள், அதில் ஒன்றிரண்டு லட்சம் கிடக்கட்டும். மொத்தச் செலவு, ஸ்டென்ட், ஐ.சி.யூ. ஒரு நாள் எல்லாம் சேர்த்து, இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது உண்டு, வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். தம்பி ஒரே ரேஷன் கார்டில் இருப்பதால் எங்களுக்கு வரம்பைத் தாண்டிவிட்டது. தகுதி உள்ளவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்து அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஊரில் தேர் ஓடிய அன்று காலை ஏழரைக்கு அப்பாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மயக்க டாக்டர் முந்தின சாயங்காலமே வந்து அப்பாவின் பற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். எஃகுக் குழாய் நேராக இறங்க வேண்டும் என்றால் கழுத்து நன்றாகப் பின்னால் வளைய வேண்டும். நாற்பது வருடம் மெஷினைப் பார்த்துக் குனிந்த கழுத்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, சின்னத் தலையணை வைத்துச் சமாளிக்கலாம் என்றார். மயக்கம் கொடுப்பதில்தான் பெரிய சிக்கல் என்பதையும் அவரே சொன்னார். தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் சட்டென்று கொடுத்துவிட்டால் அப்பா தானாக இழுக்கிற மூச்சு நின்றுவிடும், வெளியிலிருந்து கொடுக்கிற காற்று அந்த அரை சென்டிமீட்டரில் போகுமா என்பது நிச்சயமில்லை. அதனால் குழாய் உள்ளே இறங்கும்வரை அவரையே மூச்சுவிட வைத்திருப்பார்கள். அப்புறம், கட்டியைச் சுடுகிற ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சுடுகிறவருக்கு நேரம் வேண்டும், மயக்க டாக்டருக்கு ஆக்சிஜன் வேண்டும். "நாங்க ரெண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கிட்டே இருப்போம்மா" என்றார்.

ஒரு மணி பத்து நிமிடம். வெளியே வந்த டாக்டர் ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். மருந்துத் திரவத்தில் வெளிர் சிவப்பும் கருப்புமாக நான்கைந்து சதைத்துண்டுகள். எல்லாம் சேர்ந்தால் ஒரு நெல்லிக்காய் அளவு வரலாம். அதற்குத்தான் இரண்டு வருடம் ஆஸ்துமா மருந்து.

அன்று இரவு ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். சிஸ்டர் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார். பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தேன். மானிட்டர் சத்தம் கேட்டது, பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவது கேட்டது. அப்பாவின் மூச்சு கேட்கவில்லை. கை வைத்துப் பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில், "தேர் நிலைக்கு வந்துட்டா?" என்று கேட்டார்.

பயாப்சி முடிவு ஐந்து நாளில் வந்தது. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக வளர்கிற வகை, புகைக்காதவர்களுக்கும் வரும். சின்னதாக இருந்தால் மூச்சுக்குழாயின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து இரு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள். அப்பாவுக்குக் கீழே பிரிகிற இடம் வரை சுவருக்குள் ஓடியிருந்ததால் அது முடியாது என்றார்கள். ரேடியேஷன், 33 தடவை. நம் ஊரில் 'கரன்ட் வைக்கிறது' என்பார்கள்.

இதற்குள் நடந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். நான்கு பக்க ஆங்கிலச் சம்மரி. மருந்துப் பட்டியலின் கடைசி வரியில் மூன்றே மூன்று சுருக்கெழுத்துகள்: தினம் மூன்று வேளை வெறும் உப்புநீரை, சலைனை, நெபுலைசரில் வைத்து இழுக்க வேண்டும் என்று அர்த்தம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வார்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். சிஸ்டர் மாத்திரைகளைக் காலை, மாலை என்று அழகாக எழுதிக் கொடுத்தார், அந்த வரி விடுபட்டுவிட்டது. ஊரில் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்தவர், பழைய வாடிக்கையாளர் ஆயிற்றே, நெபுலைசர் என்றதும் ஆஸ்துமா மருந்துக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தார். நானும் சரி என்று வாங்கிவந்தேன்.

நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் இருக்கின்றன. ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. சிலிக்கான் குழாயில் ரோமம் கிடையாது. சளி அங்கே வந்து நின்றுவிடும். ஈரம் இல்லாவிட்டால் காய்ந்து கெட்டிப்படும். வழியைத் திறக்க வைத்த குழாயே அடைத்துக்கொள்ளும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்த உப்புநீர். மாத்திரையை ஒரு வேளை மறந்தால்கூடப் பரவாயில்லை, இதை மறக்கக்கூடாது.

வீடு திரும்பிய ஆறாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு இருமல் தொடங்கியது. வறட்டு இருமல், ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடத்தில் பழைய ஊதல் சத்தம். 108ஐ அழைத்தோம். இருபது நிமிடத்துக்குள் வந்தது. ஆம்புலன்ஸில் வந்த இளம் ஊழியர் ஆக்சிஜன் வைத்தபடி அப்பாவிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்தார், அவருக்கு நன்றி. ஆம்புலன்ஸ் முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஆஸ்துமா மூர்க்கமாகிவிட்டது என்றே நினைத்தார். கேட்கவில்லை என்றால் தொண்டையில் டியூப் போட்டு மெஷினில் இணைக்கலாம் என்று தயாரானார். நான் போனில் இருந்த ஸ்டென்ட் படத்தைக் காட்டி, "உள்ளே குழாய் இருக்கு சார், டியூபை அப்படியே தள்ளிடாதீங்க" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். ஸ்டென்ட் இருக்கிற மூச்சுக்குழாயில் பார்க்காமல் டியூபைத் தள்ளினால் ஸ்டென்ட் கீழே நகர்ந்துவிடலாம். அவர் நின்றார். மதுரை டாக்டரின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு இரண்டாவது ரிங்கில் எடுத்தார். இருவரும் பேசினார்கள். உட்கார்ந்த நிலையிலேயே, ஆக்சிஜனோடும் சலைன் நெபுலைசரோடும் மதுரைக்கு அனுப்பினார்கள். விடியும்போது வளையும் பிராங்காஸ்கோப் விட்டு, பதினைந்து நிமிடத்தில் அடைப்பை எடுத்தார்கள். காய்ந்த கோந்துபோல, ஸ்டென்டின் உள்வட்டத்துக்கு அச்சாக, மஞ்சளாக ஒரு துண்டு.

யார்மேல் பழி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அறுவையைச் செய்தவர் எஃகுக் குழாயை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வைத்தார். ஒரு வரி வாய்விட்டுச் சொல்லப்படாததால் அத்தனையும் போயிருக்கும். இங்கிலாந்தில் புற்றுநோயாளிக்கு என்று ஒரு சிறப்புச் செவிலியரை ஒதுக்குவார்கள், சந்தேகம் வந்தால் அவருக்குப் போன் செய்யலாம். வீட்டுக்கு அனுப்பும்போது உட்காரவைத்து விளக்குவது அவர் வேலை. ஆனால் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அறுவை செய்த டாக்டரே போனை எடுப்பது அங்கே நடக்காது. மதுரையில் அந்த டாக்டரின் கைபேசி எண் இருந்தது, அந்தச் செவிலியர் இல்லை. நம் ஊர் மருத்துவமனைகள் இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும்போது, டிஸ்சார்ஜ் நேரத்தில் தமிழில் பத்து நிமிடம் பேச ஓர் ஆளை வைப்பது முடியாத காரியமா? இதை எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நிர்வாகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் நானே ஓர் அட்டை தயார் செய்தேன். டாக்டரிடம் காட்டித் திருத்தி, தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் அச்சடித்து லேமினேட் செய்தோம். இவருக்கு மூச்சுக்குழாயில் சிலிக்கான் ஸ்டென்ட் இருக்கிறது. வகை, அளவு, வைத்த தேதி, எந்த இடத்தில். மூச்சுத் திணறினால் ஆஸ்துமா என்று எண்ண வேண்டாம், சளி அடைப்போ ஸ்டென்ட் நகர்வோ இருக்கலாம். செயற்கைச் சுவாசக் குழாய் வைக்க நேர்ந்தால் சிறிய அளவாக, பிராங்காஸ்கோப்பில் பார்த்தபடி வைக்கவும். இந்த எண்ணுக்கு அழைக்கவும். ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், இஞ்சு டேப்போடு. ஒன்று தம்பியிடம், ஒன்று பிரிட்ஜ் கதவில். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே கொடுக்கலாம் என்று மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை முறை இந்த எஃகுக் குழாய்ச் சிகிச்சை செய்கிறீர்கள், மயக்க டாக்டர் இதில் பழகியவரா, அவசரமென்றால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது. இது எல்லா ஊரிலும் இல்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் உண்டு. இப்போது மதுரை, கோவை போன்ற நகரங்களிலும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூச்சுச் சத்தம் உள்ளே இழுக்கும்போது கேட்டால், உறிஞ்சும் மருந்து மூன்று மாதத்தில் ஒன்றும் செய்யவில்லை என்றால், ஊதும் சோதனையையும் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்காதீர்கள்.

ரேடியேஷனுக்காக மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்தோம். சம்பளமில்லா விடுப்பை நீட்டித்துக்கொண்டு நானும் இருந்தேன். வாரம் ஐந்து நாள், ஒரு தடவைக்கு மெஷினில் பத்து நிமிடம்கூட ஆகாது. நான்காவது வாரம் விழுங்கும்போது தொண்டை எரிந்தது, குழைந்த சோறும் மோருமாக ஓட்டினோம். வேறு பெரிதாகத் தொல்லை இல்லை. வீட்டுக்காரம்மா ஒரு நாள் ரவிக்கைத் துணி கொண்டுவந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா அவர்கள் வீட்டு மெஷினிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். காஜா மட்டும் கையால் எடுத்தார், மூச்சு வாங்காமல்.

ஜூன் முதல் வாரம் நான் கிளம்பினேன். அடுத்த பிராங்காஸ்கோபி ஆகஸ்டில். கட்டி போதுமான அளவு சுருங்கியிருந்தால் ஸ்டென்டை எடுத்துவிடலாமா என்று அப்போது பார்ப்பார்கள். அதுவரை காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது, மூன்று வேளை உப்புநீர். தம்பி மகள் ஏழாம் வகுப்பு, அவள்தான் பொறுப்பு. தினசரிக் காலண்டர் தாளில் வேளைக்கு ஒன்றாக மூன்று கோடு போட்டு, கிழித்த தாளைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தக் கட்டை எனக்குக் காட்டுவாள். நான் ஒவ்வொரு தாளாக எண்ணுகிறேன்.